ஈஆர்32 கோலெட் செட்: கோலெட் நல்லது, நட் சுமார்

கோலெட் என்றால் வெட்டுகள் போட்ட பிடிகுழல், இறுக்கினால் சுருங்கி டூலையோ ராடையோ கவ்வும். ஈஆர்32 அதில் ஒரு வகை. செட்டில் 3 முதல் 20 மிமீ வரை பதினெட்டு கோலெட். ஒவ்வொன்றும் 1 மிமீ வரை சுருங்கும், ஆகவே இடையில் எந்த அளவும் விடுபடாது. 10 மிமீ கோலெட்டில் கிரவுண்ட் ராடை (துல்லியமாகச் சாணை பிடித்த கம்பி) பிடித்து, சுழலும்போது ஆட்டம் காட்டும் டயல் வைத்தேன், முள் 0.02 மிமீ கூடத் தாண்டவில்லை. இந்த வகை செட்டுக்கு இது தாராளம்.

கோலெட்டை இறுக்கும் நட் தான் சொதப்பல். உள்வளையத்தில் பிசிறு. கோலெட்டைச் சாய்த்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார வேண்டும், உட்காரவில்லை. அப்படியே முறுக்கினால், கழற்றும்போது நட் மட்டும் கையோடு வரும், கோலெட் அது உட்காரும் டேப்பரிலேயே (கூம்புக் குழியிலேயே) சிக்கிக்கொள்ளும். அரம் போட்ட பிறகு சரி.

இவை பழைய பெட்டியில் 5சி, ஆர்8, ஓஇசட் போன்ற வேறு வகைக் கோலெட்டுகளோடு கலந்துவிட்டால் பிரிப்பது சுலபம். 5சி-க்கு முன்பக்கம் மட்டும் மூன்று வெட்டு, வாலில் வெளிமரை, உடல் 31.75 மிமீ. ஆர்8-க்கு மரை உள்ளே. ஏமாற்றுவது ஓஇசட் தான்: ஈஆர் போலவே இருமுனையிலும் வெட்டு, மூக்கருகே பள்ளம். டேப்பரை, அதாவது உடலின் சரிவைப் பாருங்கள். ஈஆர்-இல் ஒரு பக்கத்துக்கு 8 டிகிரி, கண்ணுக்கே தெரியும். ஓஇசட் 1:10 (10 மிமீ நீளத்துக்கு விட்டம் 1 மிமீ தான் மாறும்), கிட்டத்தட்ட நேர் உருளை.

ஐந்துக்கு நான்கு தருவேன்.