இரண்டு வருடம் சீன மூலிகைத் தண்ணீரில் கழுவிய அனுபவம்

சிங்கப்பூரில் குடியேறிய மறுவருடம் ஆரம்பித்தது. திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல், ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. பூஞ்சைக்கான க்ரீம் போட்டால் அடங்கும்; அடுத்த மாதவிடாய்க்கு முன்னால் திரும்ப வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சீன அக்காதான் தனக்குப் பழக்கமான சின்சேயிடம் (சீன மருத்துவர்) கூட்டிப்போனார்.

அந்த அம்மா இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, உடம்பின் கீழ்ப்பாதியில் ஈரமும் சூடும் தேங்கியிருக்கிறது என்றார். 'உடம்புச் சூடு, அதான் வெள்ளைப்படுது' என்று எங்கள் ஆச்சி சொல்வாரே, அதேதான். உடனே நம்பிவிட்டேன். குஷென் வேர், ஹுவாங்பாய் பட்டை, ஷெச்சுவாங்ஸி விதை (சீனத்தில் பாம்புப் படுக்கை விதை என்று அர்த்தமாம்) மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டினார். கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியபின் பிறப்புறுப்பின் வெளிப்பக்கம் மட்டும் கழுவ வேண்டும். பழுப்புத் தண்ணீர், அந்தக் கசப்பு வாடை குளியலறையை விட்டுப் போகவே போகாது.

மூன்றே நாளில் அரிப்பு குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாதாமாதம் திரும்ப வந்தது. பொறுமையிழந்து, அவர் சொல்லாததைச் செய்தேன்: பீச்சுக்குழாய் வாங்கி உள்ளேயும் கழுவினேன். எரிச்சல் உயிர் போயிற்று. பத்து நாளில் மீன் கவிச்சி வாடை. உள்ளே இருக்கும் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள்தான் பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை புளிப்பாக வைத்துக் காவல் காக்கின்றன. கழுவக் கழுவ அந்தக் காவல் போய்விடும் என்று பிறகுதான் தெரிந்தது.

பெண்கள் நல மருத்துவர் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார். பூஞ்சையும் இருந்தது, பாக்டீரியல் வெஜினோசிஸும் (உள்ளே கெட்ட பாக்டீரியா பெருகிப்போவது) இருந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. பாக்டீரியாவுக்கு மெட்ரோனிடசோல் ஏழு நாள். பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று மாத்திரை, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம். சர்க்கரை கூடினாலும் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும் என்று, கையோடு அதையும் பார்க்கச் சொன்னார். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு) 8.1 சதவீதம்! இரண்டு வருடத்தில் நானும் சோதிக்கவில்லை, யாரும் சோதிக்கச் சொல்லவும் இல்லை.

சின்சே மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே கழுவு என்று அவர் சொல்லவே இல்லை. என் வருத்தமெல்லாம் எந்தக் கிருமி என்று தெரியாமலே கழுவிய அந்த இரண்டு வருடம்தான். சமையலறை அலமாரியில் இன்னும் இரண்டு பொட்டலம் கிடக்கிறது. ஹெச்பிஏ1சி 6.4-க்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பிரிக்கத் தேவை வரவில்லை.