வேர் முதிராத பல்லுக்குள் எதை வைப்பது: மூன்று ஆன்டிபயாடிக் பேஸ்டா, கால்சியம் ஹைட்ராக்சைடா?

வேர் நுனி மூடாத பல்லின் உள்திசு இறந்துபோனால், முதலில் மருந்து வைத்துக் கிருமியை அடக்கிவிட்டு, பிறகு ரத்தக்கசிவை வரவழைத்துத் திசுவை மீட்கலாம். அதற்கு நுனியிலுள்ள ஸ்டெம் செல்கள் (புதுத் திசுவாக வளரக்கூடியவை) பிழைத்திருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றும் கலந்த பேஸ்ட் கிருமிகளை நன்றாகவே அடக்கும். சிக்கல் அளவில்தான். கண்மதிப்பில் கெட்டியாகக் குழைத்தால் மில்லிலிட்டருக்கு 1000 மில்லிகிராம்வரை போய்விடும். கிருமியோடு செல்லும் சாகும். 1 முதல் 5 மில்லிகிராம் போதும், ஆனால் அது தண்ணீராய் ஓடும், ஜெல்லில் கலக்க வேண்டும். மினோசைக்ளின் பல்லைக் கறுக்க வைப்பது தனித் தலைவலி.

கால்சியம் ஹைட்ராக்சைடு செல்லுக்கு இதமானது, கறை படியாது. முதல் தேர்வு இதுவே. சீழ் அடங்காவிட்டால் பேஸ்ட். கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் விட்டால் டென்டின் (பல்லின் எனாமலுக்கு உள்ளிருக்கும் கடினத் திசு) வலுவிழக்கும், 1–4 வாரத்தில் எடுத்துவிடுங்கள். எதை வைத்திருந்தாலும் கடைசி அலசல் 17% ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்து நீக்கும் திரவம்), 20 மில்லி. கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட்டோடு முடித்தால் சுவரில் செல் ஒட்டாது.