ராணுவ இன்ஜினியர் அதிகாரி வேலைக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பி.இ. முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. ஏமாந்தவர்கள் கையில் இருக்கும் 'அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்' ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மேலே அசோகச் சின்னம், கீழே நீல ரப்பர் ஸ்டாம்ப், நடுவில் 'லெப்டினன்ட், எம்.இ.எஸ்., நேரடி நியமனம்' என்று ஒரு வரி. கடைசிப் பத்தியில் மெடிக்கல், யூனிஃபார்ம், போலீஸ் வெரிஃபிகேஷன் என்று தனித்தனியாகத் தொகை. கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கோ யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருக்கும். நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் உண்டு.

கடிதம் பொய் என்பதற்கு அந்த நடு வரியே போதும். எம்.இ.எஸ். என்பது ராணுவத்தின் கட்டடம், குடிநீர், மின்சாரம் பார்க்கும் அமைப்பு. அங்கே சிவிலியன் அதிகாரியாகப் போக யு.பி.எஸ்.சி.யின் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு வழியாக லெப்டினன்ட் பதவி கிடையாது. சீருடை அணிந்த இன்ஜினியர் அதிகாரி ஆக வேண்டுமென்றால் டி.ஜி.சி. (டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்), ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல் என்ற வழிகள் இருக்கின்றன. முன்னதற்கு டேராடூனில் உள்ள ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் பயிற்சி, பின்னதற்கு அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில், நம் பரங்கிமலையில் இருப்பது அதுதான். ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி முடிக்காமல் யாரும் தோளில் நட்சத்திரம் குத்த முடியாது. பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை ராணுவம்தான் தருகிறது. நீங்கள் கட்ட வேண்டியது எதுவுமில்லை.

இந்த இரண்டு வழிகளுக்கும் விண்ணப்பம் joinindianarmy என்ற பெயரில் nic.in என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும்தான். அதற்குக் கட்டணமே கிடையாது. எழுத்துத் தேர்வு இல்லை. இன்ஜினியரிங் மதிப்பெண்ணை வைத்து ஷார்ட்லிஸ்ட் செய்வார்கள். உங்கள் டிகிரியின் பெயர் அறிவிப்பில் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். 'ஈக்விவலன்ட் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறோம்' என்று பணம் பறிப்பது இந்த இடத்தில்தான். 'அரியர் இருந்தாலும் பரவாயில்லை' என்பார்கள். பயிற்சி தொடங்கி 12 வாரத்துக்குள் டிகிரி சான்றிதழ் கொடுக்காவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அடுத்தது எஸ்.எஸ்.பி., அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் நடத்தும் ஐந்து நாள் தேர்வு. 'உள்ளே ஆள் இருக்கு, செலக்ட் ஆனால் மட்டும் பணம் எங்களுக்கு, இல்லாவிட்டால் ரீஃபண்ட்' என்று பேசுபவர்தான் மிக ஆபத்தானவர், ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கும். அவர் பத்துப் பேரிடம் முன்பணம் வாங்குவார். சொந்தத் திறமையில் தேறுபவரின் பணத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பார், அதுவும் சில நேரம்தான். அவர் செய்த வேலை ஒன்றுமேயில்லை. உளவியலாளர், குழுச் சோதனைகளை நடத்தும் ஜி.டி.ஓ., நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள் கான்ஃபரன்ஸில்தான் முடிவெடுக்கிறார்கள். ஒருவரைச் சரிக்கட்டிப் பயனில்லை.

'கேரன்டி' கொடுக்கும் கோச்சிங் சென்டர்களையும் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.பி.யின் உளவியல் சோதனைகளில் ஒன்றான டி.ஏ.டி.யில் ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். சென்டரில் மனப்பாடம் செய்த கதையை எழுதினால் படத்தோடு ஒட்டாது. நேர்காணலில் நீங்கள் சொல்வதோடும் மோதும். பல நல்ல பிள்ளைகள் இதனாலேயே திரும்பி வருகிறார்கள் என்பது வேதனை.

மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்றதும் புரோக்கர் அழைப்பு வரும். தொடவே வேண்டாம். 42 நாட்களுக்குள் அப்பீல் மெடிக்கல் போர்டுக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு. எங்கே, எப்போது என்பதை மருத்துவ போர்டிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்குள் சிவில் மருத்துவரிடம் காட்டி, சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்; தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும். பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், கடிதம் வந்த உறை எதையும் அழிக்காதீர்கள். 'இன்னும் கொஞ்சம் கட்டினால் பழைய பணம் வரும்' என்று அதே ஆட்கள் மறுபடி அழைப்பார்கள். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.