டைரக்ட் டெபிட்டை ஏத்திட்டாங்களா: பேசிக் குறைக்கிறதா, வேரியபிளுக்கு மாறுறதா?

இங்க யூகேல கேஸ், கரண்ட் ரெண்டுக்கும் பேங்க்லேருந்து மாசாமாசம் ஒரே தொகை தானா போற மாதிரி டைரக்ட் டெபிட் போட்டிருக்கிற எல்லாருக்கும் இந்த மெயில் ஒருநாள் வந்தே தீரும், "உங்க மாதத் தொகை மாறுது"ன்னு. எனக்கு ஏப்ரல்ல வந்துச்சு, 130 பவுண்டு 171 ஆகப் போகுதுன்னு. நான் முதல்ல பேசிக் குறைச்சேன், அப்புறம் அந்த சிஸ்டமே வேணாம்னு வேரியபிள் டைரக்ட் டெபிட்டுக்கு, அதாவது அந்தந்த மாசம் எரிச்சதுக்கு மட்டும் காசு எடுக்கிற முறைக்குப் போயிட்டேன். அதனால நான் எந்தப் பக்கம்னு இப்பவே தெரிஞ்சிருக்கும், அதை மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம், ஏன்னா வாட்ஸ்அப் க்ரூப்ல பாதிப்பேர் இதுலதான் மாட்டுறாங்க. ஃபிக்ஸ்டு டாரிஃப்ல (விலை மாறாத திட்டம்) இருக்கேன், எப்படி ஏத்தலாம்னு கேப்பாங்க. டாரிஃப்ல ஃபிக்ஸ் ஆகுறது யூனிட் (kWh) விலையும், எரிச்சாலும் எரிக்காட்டியும் நாளுக்கு இவ்ளோன்னு வர்ற ஸ்டாண்டிங் சார்ஜும் மட்டும்தான், மாசாமாசம் எவ்ளோ எடுக்கிறாங்கங்கிறது தனிக் கணக்கு. இங்க கேஸ், கரண்ட் சப்ளையர்களைக் கண்காணிக்கிற ஆஃப்ஜெம் போடுற ப்ரைஸ் கேப்பும் அப்படித்தான், அது யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான் உச்சவரம்பு, மொத்த பில்லுக்கு இல்ல. 2025 அக்டோபர்-டிசம்பர் கேப் 1,755 பவுண்டுன்னு சொன்னது, வருஷத்துக்கு 2,700 யூனிட் கரண்ட், 11,500 யூனிட் கேஸ் எரிக்கிற ஒரு வீட்டுக்கு. நீங்க கூட எரிச்சா கூடத்தான் வரும்.

சரி, மாதத் தொகையை எப்படிப் போடுறாங்க? அடுத்த 12 மாசத்துக்கு எவ்ளோ எரிப்பீங்கன்னு ஒரு எஸ்டிமேட், அதை விலையால பெருக்கி, அக்கவுன்ட்ல கடன் இருந்தா கூட்டி, கிரெடிட் இருந்தா கழிச்சு, 12-ஆல வகுக்கிறது. அவ்ளோதான். ஆனா அந்த எஸ்டிமேட் எங்கேருந்து வருது? பெரும்பாலும் போன 12 மாசம் நீங்க எரிச்சதுலேருந்து. எங்க வீட்டுல அந்த மெயிலுக்கு முந்தின விண்டர்ல அம்மா அப்பா சென்னைலேருந்து வந்து இருந்தாங்க. அவங்க இருந்தா ஹீட்டிங் எப்படி ஓடும்னு சொல்லணுமா, காலைலேருந்து ராத்திரி வரைக்கும் 22 டிகிரி, போதாததுக்கு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர். வழக்கமா வருஷத்துக்கு 9,500 யூனிட் கேஸ் எரியுற வீட்டுல 13,500 ஆயிடுச்சு. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க, ஆனா கம்ப்யூட்டருக்கு அது தெரியாதே, அடுத்த விண்டரும் அவங்க இங்கதான் இருக்காங்கன்னு நெனச்சுக்கிச்சு.

2025 அக்டோபர் கேப் விலைலயே கணக்கு போட்டுக் காட்டுறேன், புரியுறது ஈஸியா இருக்கும். சராசரியா கரண்ட் யூனிட் 26.35 பென்ஸ், கேஸ் 6.29 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் ரெண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 88 பென்ஸ் கிட்ட. கரண்ட் 2,400 யூனிட், கேஸ் 9,500 யூனிட்னா வருஷத்துக்கு 1,550 பவுண்டு, மாசம் 129. அதே வீட்டுல கேஸ் 13,500-னா 1,802 பவுண்டு, மாசம் 150. இதோட அம்மா அப்பா இருந்தப்ப எக்ஸ்ட்ராவா எரிஞ்ச 4,000 யூனிட்டுக்கான 252 பவுண்டு அக்கவுன்ட்ல கடனா நின்னுச்சு, அதையும் 12 மாசத்துக்குப் பிரிச்சா இன்னொரு 21. ஆக 171.

இப்ப பாருங்க, ஏத்தினது முழுக்க அநியாயம்னு சொல்ல முடியாது. 252 நாங்க எரிச்சதுதான், கட்டித்தான் ஆகணும். தப்பு அந்த 13,500-ல மட்டும்தான். நான் மெயில்ல கேட்டதும் அதை மட்டும்தான்: எந்த வருஷாந்திர யூனிட்டை வெச்சுக் கணக்கு போட்டீங்க, இதோ அதுக்கு முந்தின வருஷ ரீடிங், இதோ இன்னைக்கு மீட்டர் ஃபோட்டோ, வீட்டுல ஆள் குறைஞ்சாச்சு. பழைய கடனைச் சேர்த்து 150-ன்னு வெச்சுக்கலாம்னு நானே ஒரு நம்பரும் சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. "ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, குறைங்க"ன்னு மொட்டையா கேட்டிருந்தா சிஸ்டம் காட்டுறதுதான் சார்னு சொல்லி வெச்சிருப்பாங்க. நான் கேட்ட மாதிரி கேட்டா வேலை ஆகுறதுக்குக் காரணம், ஆஃப்ஜெம் லைசென்ஸ்ல சப்ளையருக்கு ரெண்டு கடமை இருக்கு, கைவசம் இருக்கிற சரியான, லேட்டஸ்ட் தகவலை வெச்சுத்தான் ஃபிக்ஸ்டு தொகையைப் போடணும், எப்படிப் போட்டாங்கன்னு புரியுற மாதிரி விளக்கணும். கிரெடிட் சேர்ந்திருந்தா நீங்க கேட்டா திருப்பிக் குடுக்கணும், தரலைன்னா நியாயமான காரணம் சொல்லணும். கேள்வியை இந்த விதிகளோட பொருத்திக் கேட்டா பதில் வர்ற விதமே மாறிடுது.

அதுக்கும் மசியலைன்னா ஃபார்மலா கம்ப்ளெயின்ட்னு எழுதிக் குடுத்துடுங்க, தேதி முக்கியம். 8 வாரத்துல தீரலைன்னாலோ, இதுக்கு மேல எங்களால முடியாதுன்னு டெட்லாக் லெட்டர் வந்துட்டாலோ இந்தத் தகராறைத் தீர்த்து வைக்கிற எனர்ஜி ஆம்பட்ஸ்மன்கிட்ட போகலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது, அவங்க சொல்ற முடிவை நீங்க ஏத்துக்கிட்டா சப்ளையரைக் கட்டுப்படுத்தும். நான் அந்த வாசல் வரைக்கும் போகல, அதனால அங்க எவ்ளோ இழுக்கும்னு அனுபவமா சொல்ல எதுவும் இல்ல. இது என்னமோ நம்ம ஒருத்தர் புலம்பல்னும் நெனைக்காதீங்க, 2022-ல விலை எகிறினப்ப ஆஃப்ஜெம் எல்லா சப்ளையரையும் நோண்டிப் பாத்துச்சு, அப்ப 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கஸ்டமருக்கு டைரக்ட் டெபிட் டபுளுக்கும் மேல ஏறியிருந்தது வெளிய வந்துச்சு.

இதுவரைக்கும் கேட்டா பேசிக் குறைக்கிறதே போதுமேன்னு தோணும். போதும்தான், அடுத்த ரிவ்யூ வர்ற வரைக்கும். எனக்கு அக்டோபர்ல மறுபடி ஏத்தி மெயில் வந்துச்சு. காரணம் யோசிச்சா சிம்பிள், போன 12 மாசக் கணக்குல அந்த ஜனவரி, பிப்ரவரி இன்னும் உள்ளேயே உக்காந்திருக்கு, ஏப்ரல்ல நான் பேசினதெல்லாம் அந்த ஃபார்முலாவுக்குள்ள போகவே இல்ல. மறுபடி ரீடிங், ஃபோட்டோ, மெயில், க்யூ. என்னைப் பொறுத்தவரை முடிவை மாத்தினது இதுதான். தொகை இல்ல, இந்த ஓயாத வேலை. வீட்டுக்கு யாராவது வந்து தங்கினா, குழந்தை பொறந்தா, வொர்க் ஃப்ரம் ஹோம் மாறினா, ஒவ்வொரு தடவையும் எஸ்டிமேட் ஒரு வருஷம் லேட்டாத்தான் உண்மையைத் துரத்திக்கிட்டு வரும், அதுவரைக்கும் நீங்கதான் போய் விளக்கிக்கிட்டு இருக்கணும்.

வேரியபிள்ல எஸ்டிமேட்டே கிடையாது. மாசக் கடைசில ஸ்மார்ட் மீட்டர்லேருந்து ரீடிங் தானா போகும், பில் வரும், அந்தத் தொகை மட்டும் அக்கவுன்ட்லேருந்து போகும். ஊர்ல ஈபிக்காரர் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வந்து அட்டைல எழுதிட்டுப் போவாரே, எரிச்சதுக்குக் காசு, அதே கதைதான். சண்டை போட ஒண்ணுமே இல்ல, ரீடிங் சரியா இல்லையாங்கிறது மட்டும்தான் கேள்வி. ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்கா ரீடிங் அனுப்பலைன்னா மட்டும் இந்தப் பக்கமே வராதீங்க, இங்கயும் எஸ்டிமேட் பில்தான் வரும், அப்புறம் என்ன பிரயோஜனம். கேஸ் மீட்டரைத் தனியா செக் பண்ணுங்க, கரண்ட் மீட்டர் ஒழுங்கா அனுப்பிக்கிட்டு கேஸ் மட்டும் ஊமையா இருக்கிற வீடு நிறைய உண்டு.

இன்னொரு விஷயம், பணம் யார் பாக்கெட்ல இருக்குங்கிறது. ஃபிக்ஸ்டு டைரக்ட் டெபிட்டுல சம்மர் முழுக்க எரிச்சதுக்கு மேல கட்டி, செப்டம்பர் கடைசில 200, 250 பவுண்டு சப்ளையர்கிட்ட நிக்கும், அதை விண்டர்ல தின்னு தீக்கிறதுதான் டிசைன். 2021-ல கிட்டத்தட்ட 30 சப்ளையர் கவுந்தாங்க. கஸ்டமர் கிரெடிட்டுக்கு ஆஃப்ஜெம் பாதுகாப்பு இருக்கு, அது புது சப்ளையருக்கு மாறி வந்துச்சு, ஆனா அந்தச் செலவு சுத்தி வந்து எல்லார் பில்லுலயும்தான் விழுந்துச்சு. அந்த 250 என் சேவிங்ஸ் அக்கவுன்ட்லயே இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் எனக்குப் படுது.

வேரியபிளோட வலி விண்டர்தான். மேல சொன்ன விலைல எங்க வீட்டுக்கு ஜூலைல 83 பவுண்டு கிட்ட வந்தா ஜனவரில 190 தாண்டும். கிறிஸ்துமஸ், பொங்கல் செலவெல்லாம் முடிஞ்சு கை காஞ்சு கிடக்கிற நேரத்துல அந்த பில் வந்து நிக்கும். நான் மாசம் 130-ஐ ஒரு தனி சேவிங்ஸ் பாட்ல ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டு, பில்லை அதுலேருந்து எடுத்துக்கிறேன், அதாவது சப்ளையர் பண்ற அதே வேலையை நானே பண்ணிக்கிறேன். நான் தாண்டினது ஒரே ஒரு விண்டர், அதுவும் பெரிய குளிர் இல்லாத விண்டர். ரெண்டு வாரம் தொடர்ந்து ஃப்ரீஸிங் அடிச்சா இந்தத் தெம்பு இருக்குமான்னு அப்பதான் பாக்கணும். சம்பளம் வந்து பத்து நாள்ல தீர்ற நிலைமைல இருக்கிறவங்க, பாட்ல இருக்கிற காசு கண்ணுல பட்டா எடுத்துடுவேன்னு தன்னைப் பத்தித் தெரிஞ்சவங்க, பேசாம ஃபிக்ஸ்டு டைரக்ட் டெபிட்டுலயே இருந்து ஏத்தும்போதெல்லாம் பேசிக் குறைக்கிறதுதான் சரி.

மத்த வழியெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். பேங்க் ஆப்ல போய் டைரக்ட் டெபிட்டை கேன்சல் பண்றது கோவத்துல எல்லாரும் நினைக்கிறதுதான், ஆனா பில் கடன் அப்படியே நிக்கும், டாரிஃபும் பில் வந்ததும் கட்டுற வகைக்கு மாறிடலாம், அதுல கேப் விலையே வருஷத்துக்கு 100 பவுண்டுக்கு மேல ஜாஸ்தி. டைரக்ட் டெபிட் கேரண்டில காசு திரும்பக் கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அது சொன்ன தொகைக்கு மேல எடுத்தாலோ, சொன்ன தேதிக்கு முன்னாடி எடுத்தாலோ, இந்த மாதிரி தப்பு நடந்தாதான் பொருந்தும், முன்கூட்டியே மெயில் அனுப்பிட்டு எடுத்த தொகை உங்களுக்குப் பிடிக்கலைங்கிறதுக்கு இல்ல. முன்னாடியே காசு போட்டு எரிக்கிற ப்ரீபேமென்ட் மீட்டர் கேப் விலைல கொஞ்சம் கம்மிதான், ஆனா டாப்-அப் தீர்ந்தா ஹீட்டிங் நின்னுடும், குழந்தை இருக்கிற வீட்டுல நான் யோசிக்கவே மாட்டேன். சப்ளையரை மாத்தினா அவங்களும் ஒரு எஸ்டிமேட்டோடதான் வருவாங்க.

வேரியபிளுக்குப் போறதுன்னா போன்ல ஒண்ணு கண்டிப்பா கேளுங்க, இதுக்கும் டைரக்ட் டெபிட் விலைதானா, இல்ல பில் வந்ததும் கட்டுற விலையான்னு. எனக்கு டைரக்ட் டெபிட் விலையே குடுத்தாங்க, எல்லா சப்ளையர்கிட்டயும் அப்படி இருக்கும்னு எடுத்துக்க வேணாம், சிலர்கிட்ட இந்த வசதியே இருக்காது. பதிலை மெயில்ல வாங்கிக்கங்க. அக்கவுன்ட்ல கடன் இருந்தா முதல்ல அதை அடைக்கச் சொல்லுவாங்க, கிரெடிட் இருந்தா ரீஃபண்ட் வேணுமா முதல் பில்லுல கழிக்கவான்னு கேப்பாங்க, அக்டோபர்ல மாறுறதா இருந்தா கழிக்கச் சொல்லிடுங்க, நவம்பர் பில் வர்றப்ப உபயோகமா இருக்கும்.