போட் இன்ஜின் பெட்டிக்கு உள்ள ஒட்டுற சவுண்ட் ஷீட், காசல்ரீல பாவிச்சுப் பார்த்தது

இலங்கையில ஹட்டன் பக்கத்துல இருக்கிற காசல்ரீ நீர்த்தேக்கத்துல மாமா ஓட்டுற டீசல் போட்டுக்கு இந்த சவுண்ட் ப்ரூஃப் ஷீட் வாங்கிப் போட்டோம், நல்ல சாமான், தாராளமா வாங்கலாம். ரெண்டு ஃபோமுக்கு நடுவுல கனமான ரப்பர் மாதிரி ஒரு லேயர் வருது, அதுதான் முக்கியம், வெறும் ஃபோம் கீச்சு சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும், டீசலோட அந்த தடதட சத்தத்தை நிப்பாட்ட பாரம் வேணும். மேல சில்வர் ஃபாயில் இருக்கிறதால எண்ணெய் தண்ணி ஊறாது. முன்னாடி கத்தித்தான் பேசணும், இப்ப போட்ல வர்ற ஆக்களுக்கு மலையைக் காட்டி சாதாரணமா பேசிட்டே போறாரு மாமா, அவருக்கு அவ்வளவு சந்தோசம்!

இன்ஜின் பெட்டி மூடி விளிம்புல ரப்பர் பீடிங்கும் (இடைவெளியை அடைக்கிற ரப்பர் பட்டி) போடுங்க, சின்ன இடைவெளி இருந்தாலே சத்தம் வெளிய வந்துரும். ஆனா இன்ஜினுக்கு காத்து போற வழியை அடைச்சிராதீங்க.

குறைன்னா பசைதான், ஹட்டன் பக்கத்து ஈரத்துக்கு மூலை கிளம்புது, அதனால ஸ்க்ரூவும் பெரிய வாஷரும் போட்டு இறுக்கிட்டோம், மூடிக்கு அடியில ஒட்டுறவங்க கட்டாயம் செய்யுங்க, கழண்டு பெல்ட்டுல விழுந்தா பெரிய பிரச்சினை. நெருப்பு பிடிக்காத வகையான்னு கேட்டு வாங்குங்க. அதிர்வு இதால குறையாது, அதுக்கு இன்ஜின் மவுண்ட் ரப்பரைத்தான் பார்க்கணும்.