பெயரில்லாத மாத்திரை உறை: நீர்க்கடுப்புக்கு மருந்து வாங்கும் மலையகப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

நுவரெலியா மாவட்டத்து நகரமொன்றில், பஸ் தரிப்பிடத்தை அண்டிய ஒரு பாமசியில் என் அக்காவுக்கு நேர்ந்ததை, சம்பளத்துக்கு மறுநாள் அத்தகைய கடைகளுக்குச் செல்லும் தோட்டத்துப் பெண்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அக்கா கொழுந்து பறிப்பவர். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று அவர் சொன்னதும், அங்கு நின்ற இளைஞர், "உடம்புச் சூடுதான் அக்கா, இதைப் போடுங்க, ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்று மூன்று வகை மாத்திரைகளைக் காகித உறையொன்றில் போட்டுக் கொடுத்தார். காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, நீரிழிவா, எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று ஒரு கேள்வியும் இல்லை. வைத்தியரின் துண்டைக் கேட்கவுமில்லை, பற்றுச்சீட்டு தரவுமில்லை. உறையின் மேல் காலை, இரவைக் குறிக்கும் கோடுகள் மட்டுமே இருந்தன. மாத்திரை அட்டையோ, பெயரும் காலாவதித் திகதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடும்படி வெட்டப்பட்டிருந்தது.

எரிச்சல் சற்றுத் தணிந்து, மீண்டும் வந்தது. இரண்டாம் முறை "இது பவர் கூடினது" என்று வேறு நிற மாத்திரையைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். அதன் பின்னர் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும், விலாவுக்குக் கீழே முதுகில் வலியும், வாந்தியும் ஏற்பட்டு அக்காவை ஆதார வைத்தியசாலையில் அனுமதித்தோம். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

என்ன மருந்து குடித்தீர்கள் என்பதே வைத்தியரின் முதற் கேள்வி. எங்களிடம் நிறம் இருந்தது, பெயர் இல்லை. சிறுநீரில் எந்தக் கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதை வளர்ப்புப் பரிசோதனை ஓரிரு நாளில் காட்டிவிடும். ஆனால் அரைகுறையாக நுண்ணுயிர்க்கொல்லி குடித்தபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். அக்காவின் மாதிரியிலும் ஒன்றும் வளரவில்லை. ஆகவே பலவகைக் கிருமிகளுக்கும் பொதுவான மருந்தை இரத்த நாளம் வழியாக ஏற்றினார்கள். கடைக்காரர் விற்றது நோயைத் தீர்க்காததோடு, நோயை அறியும் வழியையும் அடைத்துவிட்டது என்பதே என் பெரிய முறைப்பாடு.

இத்தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியா, உடற்சூடு அல்ல. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர், ஆண்களுடையது ஏறத்தாழ 20 என்பதால் பெண்களின் சிறுநீர்ப்பைக்குள் அது எளிதில் ஏறுகிறது. அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காத ஈ.கோலை இன்று சாதாரணம். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நன்கு வேலை செய்யும் நைட்ரோபியூரன்டொயின் என்ற மருந்து, சிறுநீரகத் தொற்றுக்குப் போதாது. மருந்தைத் தெரிவுசெய்வது வைத்தியரின் வேலையாக இருப்பது இதனால்தான்.

தண்ணீர் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள் என்று சொல்வது எளிது. மலையில் மலசலகூடம் இல்லாத இடத்தில், ஒதுங்க மறைவில்லை என்பதற்காகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது தோட்ட நிர்வாகம். நம் கையில் இருப்பவை: முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைத்தல், உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழித்தல், உள்ளே சவர்க்காரம் போடாதிருத்தல். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம், குறைமாதப் பிரசவம்வரை கொண்டுபோகலாம். கிளினிக்கில் கேட்கும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் விடியும்வரை காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியை வைத்தியரின் துண்டில்லாமல் விற்பது சட்டவிரோதம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தின் உணவு, மருந்துப் பரிசோதகருக்கு எழுத்தில் முறையிட்டுள்ளோம். வெட்டிய அட்டையும் கோடு போட்ட உறையும் யாரிடமாவது இருந்தால், எறிந்துவிடாமல் முறைப்பாட்டுடன் இணையுங்கள்.