‘புது ஹார்ட் டிஸ்க்’ என்று பழசைத் தலையில் கட்டுகிறார்கள், பார்த்துக் கொடுங்கள்

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டரைச் சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

சந்தூரில் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. பில், கடன் பாக்கி, எந்த ரகத்தில் எத்தனை ஒட்டுக்கன்று இருக்கிறது எல்லாமே உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்ட ஒரு டெஸ்க்டாப்பில்தான். கன்று நன்றாக ஓடுகிற நேரம் பார்த்து பில் சேவ் ஆகவில்லை, ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்து நின்றது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், அப்புறம் மறுபடியும் அதே. டிஸ்க்கில் இடம் தாராளமாகவே இருந்தது.

எழுதும்போது பெரிய பிழை வந்தால், மேலும் கெடாமல் இருக்க உபுண்டு அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்திவிடும், படிக்க மட்டும் விடும். பிழை டிஸ்க்கிலும் இருக்கலாம், கேபிளிலும் இருக்கலாம், பவர் சப்ளையிலும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். கடைக்காரர் எதையும் பார்க்கவில்லை. ஆன் செய்த கையோடு, “டிஸ்க் போயிடுச்சுண்ணா, புதுசு போட்டாத்தான்” என்றார். டேட்டா முக்கியம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தது வெறும் உபுண்டு. பழைய டிஸ்க் எங்கே என்றால், “ஸ்கிராப்ல போட்டாச்சுண்ணா”. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு, அதில் ‘1 டிபி, ஒரு வருட வாரண்டி’, சீரியல் நம்பர் கிடையாது.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அதே பிழை! ஓசூரில் வேலை பார்க்கும் மச்சினன் லீவுக்கு வந்தபோது டிஸ்க்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, எடுத்தான். செக்டர், அதாவது டேட்டா பதிகிற சின்னச் சின்ன இடம், கெட்டதாக எதுவும் இல்லை. 199 என்று எண் போட்ட வரியில் இருக்கும் சிஆர்சி எரர் எண்ணிக்கைதான் ஏறிக்கொண்டே இருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்தால் ஏறுவது அது, பெரும்பாலும் கேபிள் கோளாறு. சாட்டா கேபிளை மாற்றினான், நின்றுவிட்டது. நூறு ரூபாய் சமாச்சாரத்துக்கு என் கணக்கு முழுவதும் போனது, கடன் பாக்கி எவ்வளவு என்று இப்போது வாங்கியவர்களையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விடவில்லை. அதே ரிப்போர்ட்டில் 9 என்று எண் போட்ட வரி, பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் ஓடிய நேரம், 26,000 மணிக்கு மேல். வருடத்துக்கே 8,760 மணிதான், அப்படியானால் இந்தப் ‘புது’ டிஸ்க் ஏறக்குறைய மூன்று வருடம் நிற்காமல் ஓடியிருக்கிறது. “சிசிடிவி பெட்டியில கிடந்ததா இருக்கும் மாமா” என்றான்.

கொடுக்கும் முன் கம்ப்யூட்டரை உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து ஸ்டார்ட் செய்து டேட்டாவைக் காப்பி எடுத்துவிடுங்கள், எழுத முடியாத டிஸ்க்கையும் பல நேரம் படிக்க முடியும். பழைய டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, அது திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். புதுசு போட்டால் கடையிலேயே அந்த 9 எண் போட்ட வரியைக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸ் என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போதும். ஸ்மார்ட் எண்களையே அழித்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு, 2025இல் ஜெர்மனியில் சீகேட் கம்பெனி டிஸ்க்குகளில் அது வெளியே வந்தது. அதனால் தயாரிப்பாளர் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டியையும் பாருங்கள்.

நான் கூப்பிட்டது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை போனையே எடுக்காத கடைக்காரர், புகார் பதிவான பிறகு அவராகவே கூப்பிட்டு, “எதுக்குண்ணா இதெல்லாம், பேசித் தீர்த்துக்கலாம்” என்கிறார். பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.